தொடும், வெட்டாது

உடையார்கட்டில் என் காணிக்கு மூன்று பக்கம்.
ஒன்று வாய்க்கால். ஒன்று வீதி.
மற்றது வனத் திணைக்களத்தின் கல்வரிசை.
மூலைகளுக்கு நான் வைத்த பெயர்
மதகடி, கேற்றடி, பாலையடி.
புத்தகத்தில் எழுத்துகள் நிற்கும்.
எழுத்துக்கு நிழல் இல்லை.

கச்சான் போட்ட பதினாறாம் நாள்
கடனில் ஒரேயொரு ஸ்பிரிங்ளர் வாங்கினேன்.
பூட்ட வந்த நகுலேஸ் சொன்னான்:
"நடுவில வையுங்கோ அக்கா."
எந்த நடு?
மூலைகளிலிருந்து சமதூரமா,
பக்கங்களிலிருந்து சமதூரமா,
மட்டையில் வெட்டி விரல்நுனியில் வைத்தால்
சாயாமல் நிற்கும் இடமா?
அவன் சைக்கிளில் ஏறிவிட்டான்.

வீதி நனையக்கூடாது.
கல்லுக்கு அப்பால் ஒரு துளி விழக்கூடாது.
வாய்க்காலுக்கு நீர் வார்ப்பது விசர்வேலை.
ஆனாலும் மூன்று பக்கத்தையும் நீர்
தொட்டுத் திரும்பவேண்டும்.
தொடலி.
சோதனை எழுதாமல் விட்ட வருசத்திலிருந்து
அந்தச் சொல் நேரே வந்தது, மண் ஒட்டாமல்.

கடன் பத்திரத்தின் பின்பக்கத்தில் எழுதினேன்.

தரவு: மூன்று பக்கம், உள்ளே ஒரு வட்டம்.
மையத்திலிருந்து வாய்க்காலுக்கு ஒரு செங்குத்து,
வீதிக்கு ஒரு செங்குத்து. இரண்டும் ஒரே ஆரை.
கேற்றடிக்கு இழுத்த கோடு
இரண்டு முக்கோணிக்கும் பொதுச் செம்பக்கம்.
ஒருங்கிசைகின்றன.
எனவே கேற்றடிக் கோணம் சரிபாதி.
அவ்வாறே மதகடி. அவ்வாறே பாலையடி.
(அவ்வாறே! எவ்வளவு நல்ல சொல்.
பாதி இரவை மிச்சம் பிடித்துத் தந்தது.)

மையத்தில் நின்று
மதகடியையும் கேற்றடியையும் பார்க்கும் கோணம்
நூற்றெண்பதில் அவற்றின் பாதிகள் போக மிச்சம்.
மூன்று மூலையின் பாதிகளும் சேர்ந்தால் தொண்ணூறு.
ஆகவே அந்த மிச்சம்
தொண்ணூறும் பாலையடியின் பாதியும்.

முதுகுக்குப் பின்னால் இருக்கும் மூலை
முன்னால் பார்க்கும் கோணத்தைத் தீர்மானிக்கிறது.
இதை எழுதிவிட்டு ரோர்ச் எடுத்து வெளியே போனேன்.
பாலை தன்பாட்டில் நின்றது.

மகனின் பாகைமானியில் பாலையடி நாற்பத்தெட்டு.
அப்படியென்றால் நூற்றுப்பதினான்கு.
நைலோன் கயிறு கட்டி அளந்தேன், நூற்றுப்பதின்மூன்று.
ஒரு பாகை கயிற்றின் தொய்வு.

மூன்று கிழமைக்குப் பிறகு கல் நகர்ந்திருந்தது.
மதகடியில் ஊன்றித் திரும்பியிருந்தது வரிசை.
வீதியோரம் முப்பத்தைந்தடி போயிற்று.
பாலை வெளியே.

பிரதேச செயலகம், நான்காம் மேசை.
"காணி உங்கடை எண்டு நிறுவுங்கோ."
அதே சொல்.
அனுமதிப்பத்திரம் மாத்தளன் மணலில் கிடக்கிறது,
ஒரு உடுப்புப் பையோடு.
இருந்ததைக் கொடுத்தேன். கடன் பத்திரம்.
புரட்டினார்.
"இதென்ன?"
"அது சரி," என்றேன். "வேணுமெண்டா பாருங்கோ."
கொஞ்சநேரம் பார்த்தார், அவ்வாறே வரைக்கும்.
முத்திரை குத்தவில்லை.

மதகடி இப்போது ஐம்பத்தெட்டு. புது மூலை அறுபது.
கேற்றடி மாறவில்லை, அதன் இருகூறாக்கியும்.
அதே கோட்டில் எட்டடி இறங்கி
ஸ்பிரிங்ளரைப் பிடுங்கி நட்டேன்.
வால்வைத் திருகி நாலடி குறைத்தேன்.
நிறுவலில் பாலையடியை மட்டும் வெட்டி
கல் பதினேழு என்று எழுதினேன்.
வேறொரு வரியும் மாற்றவேண்டி வரவில்லை.
அதுதான் எனக்குக் கோபம்.

சுற்றுகிறது நீர்.
ஒவ்வொரு சுற்றிலும் கல்வரிசையில் ஒரு புள்ளி நனைந்து
வெயிலில் காய்கிறது.

மூலைகளுக்கு வட்டம் போகாது. வாளிதான்.
கூரிய மூலைக்குக் கூட வேண்டும்,
மதகடிக்கு ஆறு, மற்றவற்றுக்கு ஐந்தைந்து.
நேற்றுப் பதினேழாம் வாளியும் நிரம்பியிருந்தது.
பாலைக்கு யாரும் தண்ணீர் ஊற்றுவதில்லை,
எந்தக் கோடையும் அதை ஒன்றும் செய்யாது, தெரியும்.
கல் பதினேழடியில் காலை ஊன்றி
மேலால் வீசினேன்.

அது தொடவில்லை. வெட்டியது.